திதி மறவாத ஊர்

தைப்பூசத்தன்று திருவண்ணாமலை ஈசான்ய தீர்த்தத்தில் தீர்த்தவாரி முடிந்து அண்ணாமலையார் கோயிலுக்குத் திரும்பும்போது மேளம் வாசிப்பதில்லை. நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்ல விமரிசையாகப் புறப்பட்ட சுவாமி, திரும்பி வரும்போது சத்தமில்லாமல் வருவார். வழியில் அவருக்கு ஒரு சாவுச் செய்தி வந்து சேர்கிறது, வல்லாள மகாராஜா போர்க்களத்தில் இறந்துவிட்டார் என்று. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மாசி மகத்தன்று, ஊருக்கு வெளியே பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி அந்த மகாராஜாவுக்கு அண்ணாமலையார் திதி கொடுக்கிறார். பெற்ற அப்பாவுக்குப் பிள்ளை செய்யும் அதே காரியம். வாரிசில்லாத ராஜாவுக்குச் சிவனே குழந்தையாக வந்தார், அதனால் கடைசிக் கடனும் அவருடையதே என்பது ஊர் சொல்லும் காரணம்.

இந்த வல்லாள மகாராஜா வெறும் புராணப் பாத்திரமல்லர். போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளன் அவர். இறந்தது 1342-43 வாக்கில். ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒரு சாவு. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கணக்கு வைத்தால் நடுவில் 27 தலைமுறைகள் கடந்துவிட்டன.

ஆனால் இதே ஊரில் சாதாரணக் குடும்பங்களின் நினைவு எவ்வளவு தூரம் போகிறது? ஆடி அமாவாசையன்று அய்யங்குளத்தில் தர்ப்பணம் கொடுக்க வருபவர்களிடம் புரோகிதர் வரிசையாகக் கேட்பார்: அப்பா பேர், தாத்தா பேர், கொள்ளுத்தாத்தா பேர். முதல் இரண்டும் உடனே வரும். மூன்றாவதில் பலர் தடுமாறுவார்கள். சிலர் ஊரிலிருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போடுவார்கள். அதற்கு மேலே எள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் போன் போடவும் ஆள் கிடையாது. சடங்கும் அதைக் கேட்பதில்லை. மூன்று தலைமுறையோடு நிறுத்திக்கொள்கிறது.

மனித நினைவை ஆராய்ந்தவர்களும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் கோடு போடுகிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த எகிப்தியல் அறிஞர் யான் அஸ்மான், ஒரு சமூகத்தின் நினைவை இரண்டாகப் பிரித்தார். வீட்டில், திண்ணையில், சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கைமாறும் நினைவு ஒன்று. அதன் ஆயுள் 80 முதல் 100 ஆண்டுகள், அதாவது மூன்று அல்லது நான்கு தலைமுறை. நேரில் பார்த்தவரிடமிருந்து கேட்டவர் உயிரோடு இருக்கும் வரைக்கும் அது தாங்கும். மற்றொன்று சடங்கு, நினைவுச்சின்னம், நூல், திருவிழா ஆகியவற்றில் ஏற்றி வைக்கப்பட்ட நினைவு. அதற்கு அப்படிக் காலக்கெடு இல்லை. தர்ப்பணத்தின் மூன்று பெயர்கள் முதல் வகையின் எல்லையைத் தொட்டு நிற்கின்றன. பள்ளிகொண்டாப்பட்டுத் திதி இரண்டாம் வகை.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. ருவாண்டா, காங்கோ பகுதிகளில் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டிய பெல்ஜிய வரலாற்றாசிரியர் யான் வான்சினா அதைக் கவனித்தார். எந்தச் சமூகத்திலும் அண்மைக்காலத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆதியில் எங்கிருந்து வந்தோம், யார் முதல் மனிதர் என்பதைப் பற்றியும் நிறைய இருக்கிறது. இடைப்பட்ட காலம் மட்டும் கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த வெறுமை ஓரிடத்தில் நிற்பதில்லை. தலைமுறைகள் நகர நகர அதுவும் கூடவே நகர்ந்து வருகிறது. இன்றைக்குத் தெளிவாக இருக்கும் கொள்ளுத்தாத்தா இன்னும் முப்பது ஆண்டுகளில் அதற்குள் இறங்கிவிடுவார்.

திருவண்ணாமலைக்கு வடக்கே ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் வழங்கும் பூர்வகதை இதற்கு நல்ல சான்று. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து சகோதரர்கள் நாய்களோடு புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் செத்துப்போனதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். நாய்கள் வீடு திரும்பிவிடுகின்றன. பெண்கள் அழுது, காரியமும் செய்து முடிக்கிறார்கள். பிற்பாடு உயிரோடு வந்து நின்ற சகோதரர்களை வீடு ஏற்கவில்லை. செத்தவர்களுக்கு வீட்டில் இடம் ஏது? அவர்கள் வேடர் பெண்களை மணந்துகொண்டு மலையேறிவிட்டார்கள். ஆற்றின் பெயர், புறப்பட்ட ஊர், நாய், அழுகை என்று எல்லாமே துல்லியமாக இருக்கும் கதை இது. இந்தச் சகோதரர்களுக்கும் இன்றைய பாட்டன்மாருக்கும் இடையில் இருந்த பெயர்களைத்தான் கதை விட்டுவிட்டது.

மறப்பது ஒருபுறமிருக்க, நினைவில் இருப்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட புத்தகம் இதில் முன்னோடி. வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றை இங்கிலாந்து மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார். ஒருவர் நினைவிலிருந்து எழுதியதை அடுத்தவர் படித்து, அவர் நினைவிலிருந்து எழுத, அதை இன்னொருவர் படிக்க என்று சங்கிலியாகக் கொண்டுபோனார். சில கைகள் மாறியதும் கதை பாதியாகச் சுருங்கியது. மரத்தோணி சாதாரணப் படகாயிற்று. கதையின் உயிரே ஆவிகளில் இருந்தது. அந்த ஆவிகள் காணாமற்போயின. பழக்கமில்லாத எதையும் அந்த மாணவர்கள் தங்களுக்குப் பழகியதாக மாற்றிக்கொண்டார்கள். வேண்டுமென்றே செய்ததல்ல. நினைவு கூர்வது என்றாலே மறுபடி கட்டுவதுதான் என்று பார்ட்லெட் முடிவுக்கு வந்தார்.

மூளைக்குள்ளேயே அதற்கு அடித்தளம் இருப்பது 2000-ஆம் ஆண்டில் தெரியவந்தது. கரீம் நாதரும் ஜோசப் லெடூவும் எலிகளை வைத்துச் செய்த சோதனையில், நன்றாகப் பதிந்துபோன அச்ச நினைவுகூட, மறுபடி கிளறப்பட்டதும் சில மணி நேரம் இளகிய நிலைக்குப் போகிறது என்று கண்டார்கள். திரும்பவும் உறைவதற்கு மூளையில் புதிதாகப் புரதம் உருவாக வேண்டும். அந்த நேரத்தில் புரத உற்பத்தியைத் தடுத்தால் நினைவே பலவீனமாகிவிடுகிறது. எலியின் அச்சத்தையும் பாட்டியின் கதையையும் ஒன்றாக்கிவிட முடியாது. ஆனாலும் அடிக்கடி சொல்லப்படும் கதை அதிகம் மாற வாய்ப்புள்ள கதையும்கூட என்பதை இந்தச் சோதனைக்குப் பிறகு ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

அப்படியானால் 680 ஆண்டு பயணம் செய்த வல்லாளன் கதையில் எது நிலைத்தது, எது மாறியது? இதைச் சோதித்துப் பார்க்கும் அபூர்வமான வாய்ப்பு இங்கே இருக்கிறது. அந்தச் சாவின் சுவடுகளைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மொராக்கோவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதா அவர். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீன் தாம்கானிக்கு அவர் சகலை முறை. சுல்தான் ஜலாலுதீன் அசன் ஷாவின் பெண்களை இருவரும் மணந்திருந்தார்கள். இப்னு பதூதா சொல்கிறபடி, எண்பது வயதுக் கிழவரான வல்லாள தேவர் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டார். அங்கே நடந்த சண்டையில் பிடிபட்டார். விடுவிப்பதாகச் சொல்லி அவருடைய பொருள், குதிரை, யானை அனைத்தையும் சுல்தான் வாங்கிக்கொண்டு பிறகு கொன்றார். தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். அதைத் தானே பார்த்ததாக இப்னு பதூதா எழுதுகிறார்.

இந்தக் குறிப்பைத் திருவண்ணாமலைச் சடங்கு அறியாது. சடங்கை இப்னு பதூதா அறியமாட்டார். ஆயினும் இரண்டும் ஒத்துப்போகும் இடங்கள் உண்டு. பெயர் சரி. போரில் போன உயிர் என்பது சரி. சாவு தொலைவில் நடந்தது, செய்திதான் ஊருக்கு வந்தது என்பதும் சரி. கண்ணனூர் இருப்பது ஸ்ரீரங்கத்துக்கு அருகே, சமயபுரத்தை ஒட்டி. வடக்கே போசளரின் தலைநகர் துவாரசமுத்திரம் 1311-இல் மாலிக் கபூர் படையெடுப்பையும் பின்னர் இன்னொரு தாக்குதலையும் சந்தித்து அழிந்த பிறகு, வல்லாளன் திருவண்ணாமலையையே தன் இருப்பிடமாக்கிக்கொண்டிருந்தார். கோயிலில் ஒரு கோபுரமே அவர் பெயரில் நிற்கிறது. அதில் அவருடைய சிலையும் இருக்கிறது. ஊரோடு வாழ்ந்த மன்னரின் சாவு ஊருக்கு வீட்டுச் சாவாகவே பட்டிருக்கும்.

மாறியது எது? வல்லாளனுக்குப் பிள்ளை இருந்தார். மாலிக் கபூர் படையெடுப்புக்குப் பின் டில்லிக்கு அனுப்பப்பட்ட அந்த இளவரசர் விருபாட்சன் 1313-இல் நாடு திரும்பியிருக்கிறார். அப்பா இறந்ததும் நான்காம் வல்லாளன் என்ற பெயரில் பட்டத்துக்கும் வந்தார். கதையின் ஆதாரமான செய்தியே, அதாவது ராஜாவுக்குக் குழந்தையில்லை என்பதே, வரலாற்றோடு முரண்படுகிறது.

இதைப் பொய் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அதைவிடப் பொருத்தமான விளக்கம் ஒன்று உண்டு. அந்த மகனின் ஆட்சி சில ஆண்டுகளே நீடித்தது. 1346 வாக்கில் போசள அரசே மறைந்து, அந்த நிலமெல்லாம் விஜயநகரத்தின் கைக்குப் போயிற்று. அதன்பின் அந்தக் கிழ மன்னருக்குத் திதி கொடுக்க அரச குலத்தில் எவரும் அரியணையில் இல்லை. அடுத்தடுத்து நடந்த பல சம்பவங்களை ஒரே சம்பவமாக மடித்துவிடுவது வாய்மொழி மரபின் இயல்பு என்று வான்சினா காட்டியிருக்கிறார். வம்சம் அற்றுப்போன துயரம், பிள்ளையில்லாத துயரமாக மடிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கு தொலைந்தது. ‘இவருக்குச் செய்ய யாருமில்லை’ என்ற உண்மை மட்டும் தொலையவில்லை.

பிற்காலத்தில் சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் வல்லாளனுக்குத் தனிச் சருக்கமே உண்டு. அதன் கதையில் சிவன் அடியார் வேடத்தில் வருகிறார். தாசி ஒருத்தி வேண்டும் என்று ராஜாவிடம் கேட்கிறார். அன்றைக்கு ஊரில் ஒருத்தியும் கிடைக்காமல் போகவே, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இளைய ராணியே முன்வருகிறாள். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிவிடுகிறார். இந்தக் கதை ஏன் இவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தது என்பதற்கும் அறிவியலில் இரண்டு விடைகள் கிடைக்கின்றன.

முதலாவது, 2006-இல் அலெக்ஸ் மெசூடியும் கூட்டாளிகளும் செய்த சோதனை. பார்ட்லெட்டின் அதே சங்கிலி முறையில் பல வகைச் செய்திகளை அனுப்பிப் பார்த்தார்கள். மனிதருக்குள் நடக்கும் உறவு, சிக்கல், வம்புப் பேச்சு ஆகியவை அதிகம் சிதையாமல் மறுமுனைக்கு வந்து சேர்ந்தன. இயற்கை பற்றிய தகவலும் தனியொருவர் செய்த காரியமும் வழியிலேயே கரைந்தன. போரின் தேதி, படையின் அளவு, முற்றுகை நீடித்த நாட்கள் எதுவும் ஊர் நினைவில் ஏன் இல்லை என்பதும், ராணியின் அந்த இரவு ஏன் இருக்கிறது என்பதும் இதில் விளங்குகிறது. இரண்டாவது, ஆரா நோரென்சாயன் குழுவினர் கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளை வைத்து அதே ஆண்டு வெளியிட்ட ஆய்வு. உலகெங்கும் பரவிய கதைகளில் இயல்புக்கு மாறான அற்புதங்கள் இரண்டு மூன்று இருந்தன. அற்புதமே இல்லாத கதைகளும் பரவவில்லை, அற்புதம் மட்டுமே நிறைந்த கதைகளும் பரவவில்லை. அடியார் குழந்தையாவது ஒரே ஒரு அற்புதம். மற்றபடி விருந்தாளி, வாக்கு, குழந்தையில்லாத வீடு, அப்பாவின் சாவு, திதி எல்லாம் எந்தத் தெருவிலும் நடப்பவை.

அமைப்பு நன்றாக இருந்தால் மட்டும் ஒரு கதை பிழைத்துவிடாது. அதைச் சுமக்க ஒரு வேலை வேண்டும். சொல்வது மறந்தாலும் செய்வது தங்கலாம் என்பது மறதி நோயாளிகளைப் படித்ததிலிருந்து உளவியல் கற்றுக்கொண்ட பெரிய பாடங்களில் ஒன்று. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பைக் குறைக்க 1953-இல் மூளை அறுவை நடந்தது. அதன்பின் புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திர வடிவம் வரையும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது நாளுக்கு நாள் அவர் கை தேறியது. தான் இதை முன்பு செய்ததே அவருக்குத் தெரியாது, கைக்குத் தெரிந்திருந்தது. சொல்லும் நினைவும் செய்யும் நினைவும் மூளையில் வேறுவேறு வழிகளில் தங்குகின்றன. சமூகத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. மேளத்தை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், மாசி மகத்தன்று எந்த வழியாகப் போக வேண்டும், தர்ப்பைக்கும் எள்ளுக்கும் யார் பொறுப்பு என்பதெல்லாம் செய்யும் நினைவு. அவற்றைச் செய்பவர்கள் கதையைத் தவறாகச் சொன்னாலும் தேதியும் இடமும் தப்புவதில்லை.

2,668 அடி உயர மலையின் உச்சியில் கார்த்திகை மகாதீபம் ஏற்றுவதும் அப்படித்தான். அந்த உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. மீனவ மரபினரான அவர்கள் பார்வதியின் தந்தை பர்வதராஜனின் வழிவந்தவர்களாகத் தங்களைக் கருதுகிறார்கள். கொப்பரையும் நெய்யும் திரியும் மேலே போவது, பதினொரு நாள் தீபம் அணையாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அப்பாவைப் பார்த்துப் பிள்ளை கற்றுக்கொள்ளும் வேலைகள். குலக்கதையை யாரும் உட்கார வைத்து ஒப்பிக்கச் சொல்ல வேண்டியதில்லை. தோளில் கொப்பரை ஏறும்போதே கதையும் ஏறிக்கொள்கிறது.

இரத்தத்தால் மட்டும் இந்தத் தொடர்ச்சி வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர். 27 தலைமுறை போனால் கணக்குப்படி 13 கோடிக்கும் மேல். அவ்வளவு தனித்தனி மனிதர்கள் இருந்திருக்க முடியாது. அத்தை மகன், மாமன் மகள் என்று மணந்துகொள்ளும் நம் வழக்கத்தில் ஒரே ஆள் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருவார். ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுவில் பாதி உதிர்ந்துபோவதால், பத்துத் தலைமுறைக்கு முந்தைய பாட்டன்மாரில் கணிசமானவர்களின் மரபணுத் துண்டு ஒன்றுகூட இன்று நம் உடம்பில் இருக்காது. அவர்களோடு நமக்குள்ள உறவு முழுக்கவும் சொல்லாலும் செயலாலும் ஆனது.

கல்லில் எழுதி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கும் இந்த மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று தனி நூலே வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல் மறக்க முடியாதது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு பொருது கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்து, விழுந்த எஜமானனைக் காத்து நின்றது என்று வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பல்லவர் காலத்தில் இந்தப் பக்கம் வாழ்ந்த எத்தனையோ ஆயிரம் மனிதர்களின் பெயர் போய்விட்டது. ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிற்கிறது. அதன் விசுவாசத்துக்கு ஊர் கொடுத்த மரியாதை அது, மனதை நெகிழ்விக்கிறது.

இருந்தும் கல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டதில்லை. வட்டெழுத்து வழக்கொழிந்த பின் அந்த எழுத்தைப் படிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. வீரர்களின் பெயர்கள் வாயிலிருந்து உதிர்ந்தன. ஆனாலும் மக்கள் இந்தப் பக்கத்து நடுகற்களை வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிட்டார்கள். எண்ணெய் சாத்தி, பொங்கல் வைத்தார்கள். சாமியாக இருந்ததால்தான் பல கற்கள் வீட்டுப் படிக்கட்டாகவோ வரப்புக் கல்லாகவோ போகாமல் தப்பின. பெயரைக் கல் காத்தது, கல்லைக் கும்பிடு காத்தது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் கோவிவனை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

எழுத்தே இல்லாமல் இதைவிட நெடுங்காலம் நினைவைக் காத்தவர்களும் உண்டு. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிய கரைகளைப் பற்றி ஆஸ்திரேலியாவின் தொல்குடிகள் இன்னும் கதை சொல்கிறார்கள். பாட்ரிக் நன், நிக்கலஸ் ரீட் இருவரும் அந்தக் கண்டத்தின் கரையோரத்தில் 21 இடங்களின் கதைகளைச் சேர்த்து, கடலடி ஆழத்தோடு ஒப்பிட்டு, அவை 7,000 ஆண்டுகளுக்கும் முந்தைய நிகழ்வுகள் என்று வாதிடுகிறார்கள். இவ்வளவு பழமையை ஏற்கத் தயங்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மக்களிடம் கதையைச் சரிபார்க்க வைத்திருக்கும் ஏற்பாட்டைத் தமிழர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். தன் நிலத்தின் கதையை அப்பா மகனுக்குக் கற்றுக்கொடுக்கிறார். மகன் அதைச் சரியாகச் சொல்கிறானா என்று பார்க்கும் பொறுப்பு அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு. அதாவது மாமன் சொல்வதை மருமக்கள் தணிக்கை செய்கிறார்கள். சொல்பவர் ஒரு வழி, சரிபார்ப்பவர் இன்னொரு வழி என்பதால் ஒரே பிழை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நுழைவது கடினம்.

கதை உயிரைக் காத்ததற்குச் சான்று இந்தோனேசியாவில் சிமெலுவே தீவில் கிடைக்கிறது. 1907-இல் அங்கே பேரலை வந்து பலரை வாரிக்கொண்டு போயிற்று. பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்து, தாலாட்டிலும் இரவுக் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அதுதான். சில நிமிடங்களில் அலை வந்தது. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த இடத்தில் இறந்தவர்கள் 7 பேர். அதே நாளில் தமிழகக் கரையில் ஏறக்குறைய 8,000 பேரைப் பறிகொடுத்தோம். உள்வாங்கிய கடலைப் பார்க்கப் பிள்ளைகள் கரைக்கு ஓடிய இடங்கள் உண்டு. ஓடாதே என்று சொல்ல நம் பாட்டிமார்களிடம் அப்படியொரு கதை இல்லை.

திருவண்ணாமலையிடம் இப்போது அப்படி ஒரு கதை இருக்கிறது. 2024 டிசம்பர் 1 மாலை, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவு இடிந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. பிள்ளைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். 12 நாட்கள் கழித்து வந்த மகாதீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதியில்லை. தீபம் ஏற்றும் கடமை உள்ளவர்கள் போனார்கள். மலையைச் சுற்றி வாழும் குழந்தைகளுக்கு இது 2060-லும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. வெறும் செய்தியாக விட்டால் கரைந்துபோகும் என்று மெசூடியின் சோதனை சொல்கிறது. எந்தச் சரிவு, எவ்வளவு மழைக்குப் பின், எந்த நேரத்தில், அந்தக் குடும்பம் யார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் தேதியில் பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சரிவின் பாறைகளையும் நீரோடைகளையும் பார்த்து வருவதை வழக்கமாக்கலாம். இடமும் நாளும் வேலையும் சேர்ந்தால் நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இந்த ஊரைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது.

வீட்டு நினைவுக்குத் திரும்பினால், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக்கும் ராபின் ஃபிவுஷும் 2001-இல் ஒரு சிறிய கேள்வித்தாள் தயாரித்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நடந்த பெரிய நோயோ இழப்போ என்ன என்பது போன்ற 20 கேள்விகள். அதிக விடை தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும், வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. கதை தெரிந்ததால் தன்னம்பிக்கை வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அப்படிப் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில் வேறு நல்ல விஷயங்களும் இருக்கும். கேள்விகளை மனப்பாடம் செய்ய வைப்பதால் பலன் வராது என்பதை டியூக்கும் வலியுறுத்தினார்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிக் குறை உண்டு. கதை சொல்வது பெரும்பாலும் பாட்டியும் அத்தையும் அம்மாவும். பதிவாவது ஆண்வழிப் பெயர்கள். மூலப்பத்திரத்தில் அப்பா பெயரும் தாத்தா பெயரும் வரும். பழைய கல்யாணப் பத்திரிகையில் மணமகனின் பாட்டனார் இருப்பார். அவருடைய மனைவி பல நேரம் பெயரில்லாமல் ‘அவர்கள் பாரியாள்’ என்று மட்டும் இருப்பார். கொள்ளுப்பாட்டி எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தாள், அவளுடைய அம்மா யார் என்பது ஒரு கிழவியின் வாயில்தான் இருக்கிறது. வான்சினா சொன்ன அந்த நகரும் பள்ளத்தின் விளிம்பில் அது நிற்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியவை பெண்களின் பெயர்கள். அவற்றை ஜாதகக் கட்டு, பள்ளிச் சான்றிதழ், பத்திரம், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு ஒப்பிடலாம். ஒரே சம்பவத்தைப் பெரியம்மாவிடமும் அத்தையிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் முரண்பட்டாலும் திருத்தாமல் அப்படியே எழுதி, சொன்னவர் பெயரையும் சொன்ன தேதியையும் ஓரத்தில் குறித்துவிட்டால், எது நடந்தது, எது பிற்பாடு சேர்ந்தது என்று பேரப்பிள்ளைகள் பிரித்துப் பார்க்க முடியும்.